நாற்றமும் நஞ்சும்: கந்தகச் சேர்வைகளின் கைத்தொழிற் பயனும் ஆபத்தும்
(யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்து ஒரு நோக்கு)

தமிழில் 'நாற்றம்' என்னும் சொல் அடைந்த பொருள் மாற்றம் யாவரும் அறிந்ததே. பண்டை இலக்கியங்களில் அது மூக்கினால் உணரப்படும் புலனைச் சுட்டிய பொதுச்சொல்லாக விளங்கியது. மலரின் மணமும் அதனுள் அடங்கும். காலப்போக்கில் அதன் பொருள் சுருங்கி, மூக்கைப் பொத்தச் செய்வதற்கு மட்டுமே உரியதாயிற்று. 'கந்தகம்' என்னும் பெயரும் மணத்தோடு தொடர்புடையதே. மணத்தைக் குறிக்கும் 'கந்தம்' என்ற வடசொல்லினின்று அது பிறந்தது. ஆயின், தூய கந்தகத்துக்கு ஏறத்தாழ மணமே இல்லை எனலாம். அது ஐதரசனோடும் காபனோடும் கூடி ஆக்கும் சேர்வைகளே தாங்கொணா நாற்றமுடையவை. அழுகிய முட்டை, களப்புச் சேறு, மலக்குழி, சமையல் எரிவாயு ஆகிய அனைத்தின் நாற்றத்துக்கும் இச்சேர்வைகளே காரணம்.

இச்சேர்வைகள் கைத்தொழிலில் எவ்வாறு பயன்படுகின்றன, அவற்றால் விளையும் ஆபத்துகள் யாவை, அவ்வாபத்துகளை அறிவதற்கு மூக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். மூக்கு ஒரு நல்ல சாட்சி; ஆனால் நம்பத்தகுந்த காவலன் அன்று என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று பெரிய இரசாயனத் தொழிற்சாலைகள் இல்லை. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரினால் நின்றுபோயிற்று. குடாநாட்டுக்குத் தெற்கே, பரந்தனில் எரிசோடாவையும் குளோரீனையும் ஆக்கிய தொழிற்சாலையும் போரினாலேயே மூடுண்டது. எனினும், தொழிற்சாலை இல்லாத ஊருக்குத் தொழிற்சாலையின் இரசாயனம் வருவதில்லை என்று எண்ணுவது தவறாகும். அது சிலிண்டரில் அடைபட்டுக் குசினிக்குள் வருகின்றது. பொதியில் அடைபட்டு வெங்காயத் தோட்டத்துக்கு வருகின்றது. தொழிற்சாலையில் உண்டாகும் அதே நச்சுவாயு, எவரும் ஆக்காமலே வீட்டு வளவின் மலக்குழியில் தானாக உண்டாகின்றது. ஆகவே, இப்பொருள் நமக்கு அயலானதன்று.

நாற்றத்தின் இரசாயனம்

நீரின் மூலக்கூற்றில் ஓர் ஒட்சிசன் அணு இரண்டு ஐதரசன் அணுக்களோடு பிணைந்துள்ளது. ஆவர்த்தன அட்டவணையில் ஒட்சிசனுக்கு நேர்கீழே அமைந்த மூலகம் கந்தகம். ஒட்சிசனின் இடத்தில் கந்தகத்தை வைத்தால் நமக்குக் கிடைப்பது ஐதரசன் சல்பைட்டு ஆகும். நீர் மணமற்றது, 100 பாகை சதமத்தில் கொதிப்பது. ஐதரசன் சல்பைட்டோ அழுகிய முட்டையின் நாற்றமுடையது. பூச்சியத்துக்குக் கீழ் 60 பாகையிலேயே கொதித்துவிடுவதால், சாதாரண வெப்பநிலையில் வாயுவாகவே இருப்பது. அவ்வாறே எதைல் அற்ககோலின் ஒட்சிசனுக்குப் பதிலாகக் கந்தகம் அமர்ந்தால் எதைல் மேர்காத்தன் தோன்றும். முன்னது 78 பாகையில் கொதிக்க, பின்னது 35 பாகையிலேயே கொதிக்கின்றது. நம் ஊரின் கடும் வெயிற்காலத்து நண்பகல் வெப்பநிலைக்கு இது மிக அண்மையானது. எளிதில் ஆவியாகும் பொருளே மூக்கை எளிதில் அடையும்.

மேர்காத்தன் என்னும் பெயருக்கு 'இரசத்தைப் பற்றிக்கொள்வது' என்பது பொருள். 1830களில் இவ்வகைச் சேர்வைகளை ஆராய்ந்த டென்மார்க்கு நாட்டு இரசாயனவியலாளர் சைசே, அவை இரச உலோகத்தோடு உறுதியாகப் பிணைவதைக் கண்டு இலத்தீன் மொழிச் சொற்களினின்று இப்பெயரை அமைத்தார். உலோகத்தைப் பற்றும் இவ்வியல்பே இச்சேர்வைகளின் கதை முழுவதற்கும் திறவுகோல் எனலாம். நம் மூக்கில் மேர்காத்தனை இனங்காணும் வாங்கிகளுள் ஒன்று, செப்பு அயனின் துணையோடு செயற்படுவதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. உலோகத்தைப் பற்றுவதால் மூக்கு அவற்றை உடனே அறிகின்றது. உலோகத்தைப் பற்றுவதாலேயே சுரங்கத்தில் தாதுவைப் பிரிக்க அவை பயன்படுகின்றன. அதே இயல்பினால்தான், நம் உடலின் உயிர்க்கலங்களில் இரும்பும் செப்பும் கொண்ட நொதியத்தை ஐதரசன் சல்பைட்டு பற்றிச் செயலிழக்கச் செய்கின்றது. மணமும் பயனும் நஞ்சும் ஒரே வேரினின்று கிளைப்பவை.

கந்தகத்தின் காரத்தை வலிகாமத்துச் செம்மண் நன்கறியும். அம்மண்ணில் விளையும் சின்ன வெங்காயம் மண்ணிலுள்ள சல்பேற்றை உறிஞ்சிக் கந்தகமுள்ள அமினோ அமிலங்களாகச் சேமித்து வைக்கின்றது. முழு வெங்காயத்தில் அவ்வமிலமும் அதனைச் சிதைக்கும் நொதியமும் வெவ்வேறு அறைகளில் அடைபட்டிருப்பதால் கண் எரிவதில்லை. கத்தி பட்டதும் அறைகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. கண்ணைக் கரிக்கும் கந்தகச் சேர்வை எழுகின்றது. இதற்கென்றே தனியான நொதியம் ஒன்று உண்டென்பதை யப்பானிய ஆய்வாளர் 2002இல் கண்டனர். தாவரத்துக்கு இது தற்காப்பு. நமக்கு இது சுவை. அளவும் இடமும் பொருந்தும்போது கந்தகச் சேர்வை தீங்கற்றது என்பதற்கு நம் அடுக்களையே சான்று.

கைத்தொழிலில் இவற்றின் இடம்

நாற்றத்துக்காக வெறுக்கப்படும் இப்பொருள்கள் கைத்தொழிலில் இன்றியமையாத இடத்தைப் பெற்றுள்ளன. கோழித்தீவனத்திற் சேர்க்கப்படும் மெதியோனின் என்னும் அமினோ அமிலத்தைச் செயற்கையாக ஆக்க மெதைல் மேர்காத்தன் வேண்டும். செயற்கை இறப்பர் ஆக்கத்தில் மூலக்கூற்றுச் சங்கிலிகள் அளவுக்கு மீறி நீளாமற் கட்டுப்படுத்தப் பெரிய மேர்காத்தன்கள் பயன்படுகின்றன. காபனிருசல்பைட்டினின்று ரேயோன் நூலும் செலோபேன் தாளும் பெறப்படுகின்றன. அதிலிருந்தே ஆக்கப்படும் சாந்தேற்றுகள், சுரங்கங்களில் உலோகத் தாதுவை நுரையில் மிதக்கச் செய்து கல்லினின்று பிரிக்க உதவுகின்றன. இறப்பரை விரைவில் பதப்படுத்தும் இரசாயனங்கள் பலவும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. வெங்காயப் பயிரின் இலைநோய்களுக்குத் தெளிக்கப்படும் மாங்கோசெப் என்னும் பங்கசுநாசினியும் காபனிருசல்பைட்டை மூலப்பொருளாகக் கொண்டு ஆக்கப்படுவதாகும்.

வேறு சில கைத்தொழில்களில் இவை வேண்டாத பக்கவிளைவாகத் தோன்றுகின்றன. மரத்தைச் சோடியம் சல்பைட்டோடு வேகவைத்துக் கடதாசி செய்யும் ஆலைகளின் அயலிற் பல கல் தொலைவுக்கு வீசும் நாற்றம், ஐதரசன் சல்பைட்டும் மேர்காத்தன்களும் கலந்ததாகும். நிலத்தடி எண்ணெயிலும் இயற்கை வாயுவிலும் கந்தகச் சேர்வைகள் உண்டு. அவற்றை நீக்காது எரித்தால் வளி மாசுறும் ஆதலால், சுத்திகரிப்பு நிலையங்களில் அவை பிரிக்கப்பட்டு மீண்டும் கந்தகமாக மாற்றப்படுகின்றன. இன்று உலகச் சந்தைக்கு வரும் கந்தகத்தின் பெரும்பகுதி இவ்வழியாற் கிடைப்பதே.

இவற்றின் நாற்றம் எவ்வளவு தொலைவு செல்லக்கூடியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2013 சனவரியில் பிரான்சு நாட்டின் உரூவன் நகரத்திலுள்ள இரசாயன ஆலையொன்றிலிருந்து மேர்காத்தன் கசிந்தது. அந்நாற்றம் ஒரு புறம் பாரிசு நகரையும், மறு புறம் கடல் கடந்து இங்கிலாந்தின் தென்பகுதியையும் எட்டியது. மக்கள் அஞ்சினர், பலருக்குத் தலையிடியும் குமட்டலும் ஏற்பட்டன, ஆனால் அத்தொலைவில் வாயுவின் செறிவு உயிருக்கு ஊறு செய்யத்தக்க அளவுக்கு அண்மையிலும் இல்லை. நாற்றம் பெரிது, ஆபத்து சிறிது என்னும் நிலை இது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

குசினியிலுள்ள காவலன்

1937 மார்ச்சு 18ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் தெச்சாசு மாநிலத்து நியூ இலண்டன் என்னும் ஊரில், பாடசாலைக் கட்டடத்தின் அடியில் இயற்கை வாயு கசிந்து தேங்கியிருந்தது. அவ்வாயுவுக்கு மணமில்லை ஆதலின் எவரும் அதனை அறியவில்லை. மின்கருவியொன்றின் பொறி பட்டதும் கட்டடம் வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ 300 மாணவரும் ஆசிரியரும் மாண்டனர். இதன் பின்னரே, எரிவாயுவுக்கு நாற்றம் ஊட்டுதல் வேண்டும் என்னும் விதி அங்கு சட்டமாயிற்று. பின்பு உலகெங்கும் பரவிற்று.

நமது சமையல் எரிவாயு புரோப்பேன், பியூற்றேன் என்னும் இரு வாயுக்களின் கலவையாகும். இவற்றுக்கும் குறிப்பிடத்தக்க மணமில்லை. பத்து இலட்சம் பங்கு வாயுவிற் சில பத்துப் பங்கு எதைல் மேர்காத்தனைக் கலப்பதனாலேயே நாம் அறியும் 'காஸ் மணம்' உண்டாகின்றது. வளியில் இரண்டு வீதமளவு எரிவாயு கலந்தால் அது தீப்பற்றத்தக்க நிலையை அடைந்துவிடும். அந்நிலையின் ஐந்திலொரு பங்கை எட்டுமுன்னரே மனித மூக்கு அதனை உணரத்தக்கதாக நாற்றம் அமைதல் வேண்டும் என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் நியமம். மனிதன் தன் அறிவினால் தீநாற்றத்தையே காவலனாக நியமித்த அரிய செயல் இது.

இக்காவலன் பணியில் இல்லாது போவதும் உண்டு. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் எரிவாயு சிலிண்டர்களோடு தொடர்புடைய வெடிப்புகளும் தீவிபத்துகளும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. புரோப்பேன், பியூற்றேன் ஆகியவற்றின் விகிதம் மாற்றப்பட்டமையே அப்போது பெரிதும் பேசப்பட்டது. அதே வேளையில், டிசெம்பர் மாதத்தில், கப்பலில் வந்த எரிவாயுவில் எதைல் மேர்காத்தன் நியமத்துக்குக் குறைவாக உள்ளதெனக் கண்டு, அதனை இறக்குவதற்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை தடை விதித்தது. பொதுமக்களிற் பலர் 'மேர்காத்தன்' என்னும் சொல்லையே அன்றுதான் முதன்முதலாகக் கேள்வியுற்றனர் எனலாம். தம் வீட்டு நாற்றம் ஒரு நியமத்துக்கு உட்பட்டது என்பதும், அது குறைந்தால் உயிருக்கு இடரென்பதும் அன்று வெளிச்சத்துக்கு வந்தன.

துறைமுகத்தில் அளவு சரியாக இருந்தாலும் கவலை முற்றாகத் தீர்ந்துவிடாது. உருக்குச் சிலிண்டரின் உட்புறத்திலுள்ள துரு, மேர்காத்தனை ஒட்சியேற்றி மணங்குன்றிய சேர்வையாக மாற்றக்கூடும். இது மணமங்கல் எனத்தகும். நிலத்தினூடாகக் கசியும் வாயு மண்ணிலேயே தன் நாற்றத்தை இழந்துவிடலாம். மேலும், எரிவாயு வளியிலும் பாரமானது ஆதலின், கசிந்தபின் தரையோடு பரவித் தாழ்ந்த இடத்திலே தேங்கும். நின்று கொண்டிருப்பவரின் மூக்குக்கு அது பிந்தியே எட்டும். முதுமையில் மோப்பம் குறைவது இயல்பு. 2020ஆம் ஆண்டு தொடக்கம் கொவிட் நோயினால் மணமறியும் ஆற்றலை இழந்தவர்களையும் நாம் அறிவோம். தலைமுறை தலைமுறையாக விறகடுப்பையே பயன்படுத்திய நம்மவர்க்கு, கண்ணைக் கரிக்கும் புகை பழகிய பகைவன். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயும் அரிதாகிய வேளையில் அவ்வடுப்பே உயிர் காத்தது. எரிவாயுவின் பகையோ கண்ணுக்குத் தெரியாதது. நாற்றம் ஒன்றே அதன் அடையாளம். அவ்வடையாளமும் பிழைக்கலாம் என்பதை வீட்டிலுள்ளோர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

காவலன் உறங்கும் இடம்

எரிவாயுவைப் பொறுத்தவரை, நாற்றம் குறைவதனால் இடர் வருகின்றது. ஐதரசன் சல்பைட்டைப் பொறுத்தவரையில் நிலைமை இன்னும் கொடியது. அங்கே நாற்றம் உண்டு, மூக்கு செயலிழந்துவிடுகின்றது.

யாழ்ப்பாணக் களப்பின் கரையோரச் சேற்றைக் கிளறியவர் அதன் கருமையையும் முட்டை நாற்றத்தையும் அறிவர். கடல்நீரின் ஒவ்வொரு லீற்றரிலும் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று உண்டு. ஒட்சிசன் புகாத சேற்றில் வாழும் பற்றீரியாக்கள், நாம் ஒட்சிசனைப் பயன்படுத்துவது போலச் சல்பேற்றைப் பயன்படுத்தி, ஐதரசன் சல்பைட்டை வெளிவிடுகின்றன. அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து கரிய நிறத்தைத் தருகின்றது. தும்புக்காகப் பொச்சுமட்டைகளை ஊறவிடும் நீர்நிலைகளில் எழும் நாற்றத்துக்கும் இதே செயல்முறை காரணமாகும். திறந்த வெளியில் காற்று அதனை அடித்துச் செல்வதால் பெருந்தீங்கு விளைவதில்லை. மூடிய குழியில் அவ்வாறன்று.

ஐதரசன் சல்பைட்டு வளியிலும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு பாரமானது. ஆதலின் குழியின் அடியிலே தங்கும். மனித மூக்கு அதனை வளியின் நூறு கோடிப் பங்கிற் சில பங்குகள் என்னும் அளவிலேயே உணர்ந்துவிடும். பத்து இலட்சத்தில் 10 பங்கு என்ற அளவை வேலைத்தலங்களில் மீறலாகாத எல்லையாக அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துள்ளது. வேறு சில அமைப்புகள் இதனினும் குறைந்த எல்லையைக் கோருகின்றன. 100 பங்கு என்பது உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு. இதே அளவில்தான், 100க்கும் 150க்கும் இடையில், மணமறியும் நரம்பு சில நிமிடங்களில் மரத்துவிடுகின்றது. நாற்றம் நின்றுவிட்டது போலத் தோன்றும். உள்ளே இறங்கியவர் 'மணம் போய்விட்டது, இனிப் பயமில்லை' என்று எண்ணும் அக்கணமே ஆபத்து முற்றிய கணமாகும். 500 பங்கைத் தாண்டினால் மயங்கி விழுவர். 700 முதல் 1,000 பங்கு வரையில் ஓரிரு மூச்சிலேயே சுவாசம் நின்றுவிடும். உயிர்க்கலம் ஒட்சிசனைப் பயன்படுத்த உதவும் நொதியத்தை இவ்வாயு பற்றிக்கொள்வதே காரணம்; சயனைட்டு கொல்லும் முறையும் இதுவே. குருதியில் ஒட்சிசன் இருந்தும் கலங்கள் மூச்சுமுட்டி இறக்கின்றன.

உலகில் இவ்வாயு ஏற்படுத்திய பேரழிவுகள் சில உண்டு. 1950 நவம்பரில் மெட்சிக்கோவின் போசா இரிக்கா நகரத்து வாயுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய ஐதரசன் சல்பைட்டு 22 பேரைக் கொன்றது. 2003 டிசெம்பரில் சீனாவின் சொங்கிங் பகுதியில் வாயுக் கிணறொன்று வெடித்துப் பீறியபோது 240க்கு மேற்பட்டோர் மாண்டனர். இவை செய்தித்தாள்களில் இடம்பெற்றவை. மலக்குழிகளிலும் கழிவுநீர்க் கால்வாய்களிலும் ஒருவர் இருவராக இறப்போரின் தொகை பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை.

குடாநாட்டு வீடுகளில் பெரும்பாலானவை மலக்குழிகளையே நம்பியுள்ளன. குழியின் மேற்பரப்பு அமைதியாக இருக்கும்போது வாயு ஓரளவே வெளிவரும். அடியில் உறைந்த மண்டியைக் கோலினாலோ காலினாலோ கிளறியதும், அதிற் கரைந்து கிடந்த வாயு திடீரெனப் பொங்கும். இறங்குமுன் குனிந்து மணந்து பார்த்தவருக்கு எவ்வித எச்சரிக்கையும் கிடைத்திராது. முதலாமவர் விழுந்ததும், மாரடைப்போ வழுக்கலோ என்று எண்ணி மற்றொருவர் இறங்குகின்றார். அவரையும் காணாது மூன்றாமவர் இறங்குகின்றார். இவ்விபத்துகளில் மீட்கச் சென்றவர்கள் இறப்பது வழமையாகக் காணப்படும் ஒன்றாகும். அன்பும் துணிவும் உள்ளவர்களே இதில் பலியாகின்றனர் என்பது வேதனைக்குரியது.

இங்கு ஒரு சமூக உண்மையையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. எவர் அந்தக் குழியில் இறங்குகின்றனர்? பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையின் நகரங்களைத் துப்புரவு செய்வதற்கெனத் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் தருவிக்கப்பட்டனர். சாதியின் பெயரால் அத்தொழில் அவர்தம் பிள்ளைகளுக்கும் பேரர்க்கும் உரியதாக்கப்பட்டது. நாற்றத்தோடு பழகியவர் அவர், அவருக்கு அது பெரிதன்று என்று பிறர் கூறுவதுண்டு. இரசாயனவியலின் நோக்கில் இக்கூற்றைவிடக் கொடிய பிழை வேறில்லை. மூக்கு பழகிக்கொள்ளும், உயிர்க்கலத்தின் நொதியம் ஒருபோதும் பழகிக்கொள்வதில்லை.

இந்தியாவில் 2013இல் இயற்றப்பட்ட சட்டம், பாதுகாப்பின்றி மனிதரைக் கழிவுநீர்த் தொட்டிகளில் இறக்குவதைக் குற்றமாக்கியது. 1993 முதல் அவ்வாறு இறந்தோரின் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபா வழங்க வேண்டுமென 2014இலும், அத்தொகை முப்பது இலட்சமாக உயர்த்தப்பட வேண்டுமென 2023இலும் இந்திய உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. இவ்விறப்புகள் மிகுதியாகப் பதிவான மாநிலங்களில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கின்றது. சட்டம் இருந்தும் சாவு நிற்கவில்லை. இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளர் பாதுகாப்புக்கு வழிவகுத்தது; எனினும் அது தொழிற்சாலை என்னும் வரையறைக்குள் அடங்கும் இடங்களுக்கே உரியது. வீட்டு வளவிலுள்ள மலக்குழியும், அதில் நாட்கூலிக்கு இறங்குபவரும் அவ்வரையறைக்குப் புறம்பாகவே நிற்கின்றனர்.

மெல்லக் கொல்லும் சேர்வை

காபனிருசல்பைட்டின் ஆபத்து பிறிதொரு வகையினது. தூய நிலையில் அதன் மணம் இனிமையானது என்று கூறுவோரும் உண்டு. கைத்தொழிலிற் பயன்படும் தூய்மை குறைந்த வகையே நாறுவது. 1856இல் பாரிசு நகரத்து மருத்துவர் தெல்பேச்சு, இறப்பரைப் பதப்படுத்தும் தொழிலாளரிடம் நடுக்கம், மறதி, சினம், மனப்பேதலிப்பு ஆகியவற்றைக் கண்டு, அவற்றுக்குக் காபனிருசல்பைட்டே காரணம் என்று எழுதினார். ரேயோன் கைத்தொழில் பரவியபோது அதே நோய்கள் நாடு நாடாகப் பரவின. நரம்பு தளர்தலோடு இதய நோயும் இச்சேர்வையால் மிகுவது பின்னர் அறியப்பட்டது.

யப்பானில் பயன்படுத்திக் கழித்த ரேயோன் இயந்திரங்கள் 1960களில் தென் கொரியாவுக்கு விற்கப்பட்டன. அங்கு அவற்றை நிறுவிய வொன்சின் ஆலையில் 900க்கு மேற்பட்ட தொழிலாளர் நஞ்சூட்டப்பட்டவராகக் காலப்போக்கில் ஏற்கப்பட்டனர். 1993இல் அவ்வாலை மூடப்பட்டபின் இயந்திரங்கள் சீனாவுக்குச் சென்றன. இயந்திரத்தோடு நோயும் ஏற்றுமதியாகும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தமிழ்நாட்டில், பவானி ஆற்றங்கரையிலுள்ள சிறுமுகையிலும் ரேயோன் மூலப்பொருளை ஆக்கும் பேராலை ஒன்று இயங்கிற்று. அதன் கழிவு ஆற்றை மாசுபடுத்துவதை எதிர்த்து 1990களில் மக்கள் போராடினர். பின்பு அவ்வாலையும் மூடுண்டது.

இவ்வகை நஞ்சில் மூக்கின் சாட்சியம் பயனற்றது. தொழிலாளி நாள்தோறும் உணரும் மணம் சில நாட்களிலேயே உணரப்படாது போகும். தீங்கோ ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டேயிருக்கும். தோட்டங்களில் தெளிக்கப்படும் மருந்துகளுக்கும் இது பொருந்தும். மலத்தியன் என்னும் பூச்சிநாசினி கந்தகமுள்ள பொசுபரசுச் சேர்வையாகும். மலேரியா ஒழிப்புக்காக இலங்கையிலும் 1970களின் பிற்பகுதியிலிருந்து அது தெளிக்கப்பட்டது. 1976இல் பாக்கிசுத்தானில் அதே பணியில் ஈடுபட்டோரில் ஏறத்தாழ 2,800 பேர் நஞ்சூட்டப்பட்டனர், ஐவர் இறந்தனர். களஞ்சியத்திற் கிடந்தபோது மருந்தில் உண்டாகிய மாற்றுச் சேர்வையே அதற்குக் காரணம் என ஆய்விற் கண்டனர். மருந்தை மணந்து 'வழமையான மணம்தான்' என்று கூறுவோரால் அதனை அறிந்திருக்க முடியாது.

பழக்கம் என்னும் பகை

2014 நவம்பர் 15ஆம் திகதி தெச்சாசு மாநிலத்தின் இலா போர்ட்டு நகரிலுள்ள பூச்சிநாசினி ஆலையொன்றில் ஏறத்தாழ 24,000 இறாத்தல் மெதைல் மேர்காத்தன் வெளியேறி நான்கு தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் சிலர் சக தொழிலாளரை மீட்கச் சென்றவர்கள். மேர்காத்தனின் நாற்றம் அவ்வாலையில் அன்றாடம் வீசியமையால், அதனை எவரும் எச்சரிக்கையாகக் கொள்ளாத நிலை ஏற்பட்டிருந்தது. எதனை உலகம் முழுவதும் எச்சரிக்கை மணமாகப் பயன்படுத்துகின்றதோ, அக்குடும்பத்தைச் சேர்ந்த பொருளே அங்கு எச்சரியாது கொன்றது. செல்வம் மிக்க நாட்டின் பெருநிறுவனத்திலேயே இது நிகழ்ந்ததென்றால், அளவுகருவி எதுவுமின்றிக் கயிறும் வாளியும் கொண்டு குழியில் இறங்குபவரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம்.

முதலாவதாக, நாற்றம் இருப்பது ஆபத்தின் அளவைக் காட்டாது. நாற்றம் இல்லாமை பாதுகாப்பைக் காட்டாது. ஆகவே அளவிடும் கருவியே ஆதாரமாதல் வேண்டும். ஐதரசன் சல்பைட்டையும் ஒட்சிசனையும் அளக்கும் சிறு கருவிகள் இன்று சட்டைப் பையில் அடங்குவன. ஒவ்வோர் உள்ளூராட்சி மன்றமும் அவற்றை வைத்திருத்தலும், மலக்கழிவு அகற்றுவோருக்கு வழங்குதலும் இயலாத காரியமன்று.

இரண்டாவதாக, மலக்குழியில் மனிதர் இறங்கலாகாது. உறிஞ்சும் இயந்திரமே அப்பணியைச் செய்தல் வேண்டும். தவிர்க்க முடியாத வேளையில், வளியை அளந்து, காற்றைச் செலுத்தி, புறவளி வழங்கும் சுவாசக் கருவி அணிந்து, இடுப்புக் கயிற்றை மேலே நிற்பவர் பிடித்திருக்க மட்டுமே இறங்கலாம். முகத்தில் துணியைக் கட்டுவதால் இவ்வாயு தடைப்படாது. உள்ளே ஒருவர் விழுந்தால் கயிற்றால் இழுத்தெடுப்பதன்றி, வேறொருவர் இறங்குதல் கூடாது.

மூன்றாவதாக, எரிவாயுவின் மணச்சேர்வை துறைமுகத்தில் மட்டுமன்றி, சிலிண்டர்கள் நிரப்பப்படும் இடத்திலும் விற்கப்படும் இடத்திலும் சோதிக்கப்படுதல் வேண்டும். வீட்டில், இணைப்புக் குழாயைச் சவர்க்கார நீரினால் அவ்வப்போது சோதிப்பதும், தரைமட்டத்தில் காற்றோட்டம் வைப்பதும் செலவற்ற காப்புகள். நாற்றம் உணரப்பட்டால் மின்விசையைத் தொடாது கதவு, யன்னல்களைத் திறத்தலே முதற்பணி.

இறுதியாக, கல்வி பற்றி ஒரு சொல். நம் மாணவர் பல தலைமுறைகளாக ஐதரசன் சல்பைட்டை 'அழுகிய முட்டை மணமுள்ள வாயு' என்று மனனஞ் செய்து வருகின்றனர். முன்னாளில் பாடசாலை ஆய்வுகூடங்களில் கிப்பின் உபகரணத்தில் அதனை ஆக்கி, மணத்தைக் கொண்டே இனங்கண்டதும் உண்டு. அவ்வரைவிலக்கணம் சரியானதே, ஆயினும் அது பாதி உண்மை. செறிவு கூடியவிடத்து அம்மணம் மறைந்துவிடும் என்ற மற்றப் பாதியையும் அதே வரியிற் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். வகுப்பறையில் அவ்வொரு வாக்கியத்தைக் கேட்ட மாணவன் ஒருவன், என்றோ ஒரு நாள் குழியருகில் நின்று, 'மணம் நின்றுவிட்டது' என்று கூறி இறங்க முனைபவரின் கையைப் பற்றித் தடுப்பானாயின், நம் இரசாயனப் பாடம் தன் பயனை அடைந்ததாகும்.